செயலாளர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம்

கிளிநொச்சி வட்டக்கச்சிப் பக்கத்தில் கதிர்காமநாதனின் முகத்தை அறியாதவர்கள் இருக்கலாம். குரலை அறியாதவர்கள் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்து அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் அவர். ஒலிவாங்கி ஒருமுறை அவர் கைக்குப் போய்விட்டால், அதைத் திருப்பி வாங்க அதிபரே எழுந்து வந்து நன்றி சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகும் "இன்னுமொரு விசயம்" என்று தொடங்குவார். சனம் சலித்துக்கொள்ளும், ஆனால் அடுத்த கூட்டத்திலும் அவரையே செயலாளராகத் தெரிவுசெய்யும். வேலை செய்கிற மனிதர் அவர் ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிழைப்புக்கு வயல். பாட்டனார் காலத்தில் வடமராட்சியிலிருந்து வந்து, குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிக் காணி எடுத்த குடும்பம். காலபோகம், சிறுபோகம் என்று ஆண்டு முழுவதும் சேற்றில் நிற்கிறவர், ஆண்டில் ஒரே ஒரு நாள் மட்டும் பட்டுவேட்டி கட்டுவார். அது தீபாவளியும் அல்ல, தைப்பொங்கலும் அல்ல. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளைக் கௌரவிக்கும் நாள்.

அந்தப் பரீட்சையை அரசாங்கம் நாடு முழுவதும் நடத்துகிறது. மாவட்டத்துக்கென்று ஒரு வெட்டுப்புள்ளி இருக்கும். அதைத் தாண்டிய பிள்ளைக்கு, வீட்டு வருமானம் குறைவென்றால், மாதாமாதம் உதவிப்பணம் வரும். அதைவிடப் பெரிது, பெயர்போன பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாம் வகுப்புக்கு இடம் கேட்கலாம். கதிர்காமநாதனுக்கு முதலாவது பெரிதாகப் படவில்லை. இரண்டாவதுதான் அவருக்கு உயிர். சின்னப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் பெரிய வாசல் திறக்கிறது என்றால் சும்மாவா?

அவரும் சின்ன வயதில் அந்தப் பரீட்சையை எழுதியவர்தான். பெறுபேறு வருமுன் சண்டை வந்துவிட்டது. ஊர் எழும்பி ஓடியது. ஓடி ஓய்ந்து திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக் கூரையும் இல்லை, பெறுபேறு சொல்ல ஆளும் இல்லை. சித்தியா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. மனைவி ஞானேஸ்வரி அதைச் சொல்லியே சீண்டுவாள்.

"பாஸ் எண்டே வைச்சுக்கொள்ளுவமப்பா. இனி ஆர் வந்து இல்லையெண்டு சொல்லப்போகினம்?"

அவர் சிரிப்பார். ஆனால் அந்த ஏக்கம் உள்ளே கிடந்தது. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் தன்னுடைய உழவு இயந்திரத்தைக் கழுவித் துடைத்து, வாழைக்குட்டி கட்டி, சித்தியடைந்த பிள்ளைகளை மாலையோடு பின்னால் இழுக்கும் பெட்டியில் ஏற்றிச் சந்தியிலிருந்து பள்ளிக்கூடம் வரை தானே ஓட்டி வருவார். முன்னால் பாண்ட் வாத்தியம். பின்னால் மற்றப் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு நடந்து வருவார்கள். சந்தியில் படம் போட்ட பெரிய பதாகை தொங்கும். சங்கம் சேர்த்த காசெல்லாம் ஐந்தாம் வகுப்பு அறைக்கே போனது. காற்றாடி அங்கே, வெள்ளைப் பலகை அங்கே, மாலை வகுப்புக்குப் பணிசும் தேநீரும் அங்கே. சித்தியடைந்த பிள்ளைகள் பெரும்பாலும் கிளிநொச்சி நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். போகுமுன் ஒரு பிரியாவிடை. கண்ணீர், கேக், படம்.

இந்த முறை சித்தியடைந்தவர்களில் அவருடைய ஒரே மகள் யதுர்ஷிகாவும் ஒருத்தி.

பெறுபேறு வந்த நாளில் அவர் வயலிலிருந்து ஓடி வந்த ஓட்டத்தில் ஒரு செருப்பு வாய்க்காலோடு போய்விட்டது. மாவட்ட வெட்டுப்புள்ளியை யது நன்றாகவே தாண்டியிருந்தாள். விரும்புகிற பள்ளிக்கூடங்களை வரிசைப்படுத்தி அதிபர் மூலம் அனுப்பச் சொன்னார்கள். கதிர்காமநாதன் முதலில் யாழ்ப்பாணத்து மகளிர் கல்லூரி ஒன்றைப் போட்டார். இரண்டாவதும் யாழ்ப்பாணம், மூன்றாவதும் யாழ்ப்பாணம். கிளிநொச்சி நகரத்துப் பள்ளிக்கூடத்தைப் போடவே இல்லை. ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் போகிற இடத்துக்குச் செயலாளரின் மகளும் போவதா?

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பதாகை அடிக்கக் கொடுத்தபோது, யதுவின் படத்துக்குக் கீழே அந்தக் கல்லூரியின் பெயரைப் போட்டு, 'தெரிவாகி எமது கிராமத்துக்குப் பெருமை சேர்த்த' என்றும் எழுதச் சொன்னார்.

"பள்ளிக்கூடம் இன்னும் அறிவிக்கேல்லையே. கொஞ்சம் பொறுங்கோவன்," என்றாள் ஞானேஸ்வரி.

"வெட்டுப்புள்ளிக்கு மேலை எண்டால் முடிஞ்சுது கதை. இவ்வளவு காலமும் நான் பாக்காத பிள்ளையளே?"

அங்கேதான் மனிதர் சறுக்கினார். ஒவ்வொரு பெரிய பள்ளிக்கூடத்துக்கும் தனியாக ஒரு வெட்டுப்புள்ளி உண்டு. நகரத்துப் பள்ளிக்கூடம் கேட்கும் புள்ளி மாவட்டப் புள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்ததால், இத்தனை ஆண்டிலும் இரண்டும் வேறு என்று அவர் உணரவே நேரவில்லை. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் கேட்டதோ எட்டாத உயரம்.

ஊர்வலம் நடந்தது. பிரியாவிடையும் நடந்தது. பிறகு பள்ளிக்கூடங்களின் முடிவு வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு நகரத்தில் இடம் கிடைத்தது. யதுவுக்கு எங்கேயும் இல்லை.

உதவிப்பணம் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாலும் வரும் என்று அதிபர் ஆறுதல் சொன்னார். கதிர்காமநாதனின் காதில் அது ஏறவில்லை. அன்று மாலை அவர் சந்திப்பக்கம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் தமக்கை நேசமலரைப் பிடித்து மேன்முறையீடு போட்டார். வலயக் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். இங்கே ஆறாம் வகுப்பு தொடங்கிவிட்டது. யதுவை அவர் அனுப்பவில்லை.

"இண்டைக்கோ நாளைக்கோ கூப்பிடுவாங்கள். அதுக்குள்ளை ஏன் இஞ்சை கொண்டுபோய் விட்டு ஊர்ச்சிரிப்புச் சிரிக்க?"

இண்டைக்கோ நாளைக்கோ என்றது வாரங்களாக நீண்டது. யது வீட்டில் இருந்தாள். காலையில் பிள்ளைகள் சைக்கிளில் போகும் சத்தம் கேட்டால் அறைக்குள் போய்விடுவாள். முதலில் பழைய வினாத்தாள்களைச் செய்துகொண்டிருந்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். சோறு அளைந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வாயாடிப் பிள்ளை வாய் மூடினால் வீடு வீடாக இருக்காது. ஞானேஸ்வரிக்கு நெஞ்சு கொதித்தது.

ஒரு நாள் பட்டப்பகலில் அவள் கத்தியை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனாள். நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, பதாகையின் கயிறுகளை அறுத்துச் சுருட்டிக் கொண்டுவந்தாள். அறுவடை நேரம். வீதியோரம் காயவிட்டுக் குவித்திருந்த நெல்லின் மேல், எழுத்து உள்ளே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டாள்.

"மழைக்கு உதவும்," என்றாள்.

நெல்லைக் கிண்டிக் காயவைக்க ஜெகதீஸ்வரி வந்திருந்தாள். புருசன் இல்லாதவள், கூலி வேலைதான் சீவியம். அவளுடைய மகள் சுதாஜினியும் யதுவோடு ஐந்தாம் வகுப்பில் படித்தவள். தேநீர் குடிக்க மரநிழலில் இருந்தபோது, ஜெகதீஸ்வரி தானாகவே கதையைத் தொடக்கினாள்.

"அண்ணை, யதுவுக்குச் சுகமில்லையோ? சுதா ஒவ்வொரு நாளும் கேக்கிறாள்."

"சுகத்துக்கு ஒண்டுமில்லை. யாழ்ப்பாணத்து அலுவல் ஒண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்."

"ஓம் ஓம், கேள்விப்பட்டனான்." அவள் கோப்பையை வைத்தாள். "எங்கடையும் கொஞ்ச மார்க்கிலைதான் தவறினது. பெறுபேறு வந்த அண்டைக்குச் சாப்பிடேல்லை. பேந்து நீங்கள் பிள்ளையளை ஏத்திக்கொண்டு போன அண்டைக்குப் பின்னாலை நடந்து போய்க் கை தட்டிப்போட்டு வந்து அழுதவள். கை நொந்து அழுறியோடி எண்டு நான் பகிடி விட்டனான்."

கதிர்காமநாதன் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேந்து?" என்றார்.

"பேந்தென்ன, அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனாள்."

ஜெகதீஸ்வரி அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நெல்லுக்கு வெயில் போகிறதென்று எழும்பிப் போய்விட்டாள். கதிர்காமநாதனால்தான் எழும்ப முடியவில்லை. பின்னால் நடந்து வருகிற பிள்ளைகளை அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. உழவு இயந்திரம் ஓட்டுகிறவர் முன்னாலேதானே பார்க்க வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தார். அது ஒட்டவில்லை. வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் யதுவிடம் போய், "பிள்ளை, நாளைக்கு இஞ்சத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் போ," என்றார்.

யது தலையாட்டினாள், மாட்டேன் என்று.

"ஏன்?"

"பிரியாவிடை தந்திட்டினம் அப்பா. எல்லாரும் அழுதவை. இனி எப்பிடித் திரும்பிப் போறது?" குரல் உடைந்தது. "அங்கை போறதெண்டும் நான் கேக்கேல்லை. இஞ்சை நிக்கிறதெண்டும் நான் கேக்கேல்லை. என்னை ஆர் கேட்டது?"



மறுநாள் தனியாகப் பள்ளிக்கூடம் போனார். அதிபரின் அறைக்குப் போகாமல் ஆறாம் வகுப்பைத் தேடிப் போனார். தேடித்தான் போனார், பின்பக்கத்துப் பழைய கட்டடத்தில் எந்த அறை என்று அவருக்குத் தெரியாது. வகுப்பாசிரியை ராஜினி ரீச்சர் வெளியே வந்தாள். உள்ளே வெக்கை. காற்றாடி இல்லை. கரும்பலகை பாதி வெளிறிப்போயிருந்தது. மூலையில் மழை ஒழுகிய கறை. சுதாஜினி முதல் வரிசையில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"வாங்கோ அண்ணை. இந்த வகுப்புப் பக்கம் நீங்கள் வந்தது இண்டைக்குத்தான்," என்றாள் ராஜினி ரீச்சர். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் சுருக்கென்றது.

அவர் நடந்ததைச் சொன்னார். வழக்கமான சுற்றிவளைப்பு இல்லை. பிள்ளை வரக் கூச்சப்படுகிறது, பிழை தன்னுடையது, இனி என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ அண்ணை. மாலை, கூட்டம், பேச்சு ஒண்டும் வேண்டாம். கதிரை கிடக்கு, வந்து இருக்கட்டும். மிச்சத்தைப் பிள்ளையள் பாத்துக்கொள்ளுவினம்."

அடுத்த நாள் காலை வாசலில் சைக்கிள் மணி அடித்தது. சுதாஜினியும் இன்னும் இரண்டு பெட்டைகளும் நின்றார்கள்.

"யது, வா! நேரமாகுது. ரீச்சர் பின்னம் தொடங்கிட்டா, எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீ வந்து சொல்லித் தா!"

பிரியாவிடை என்ற பேச்சே இல்லை. யது கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே ஓடிச் சீருடை தேடும் சத்தம் கேட்டது. ஞானேஸ்வரி குசினியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, அடுப்புப் புகை என்று சொன்னாள். அடுப்பு மூட்டியே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு கதிர்காமநாதனைப் பிடிக்க முடியவில்லை. பின்பக்கத்துக் கட்டடத்தின் ஓடுகளை மாற்றினார். ஆறாம் வகுப்புக்குக் காற்றாடி பூட்டினார். சங்கக் கூட்டத்தில், மாலை வகுப்பு எல்லா வகுப்புக்கும் வேண்டும் என்று சண்டை பிடித்தார். பேச்சு மட்டும் குறைந்திருந்தது. சனத்துக்கு அதுதான் பெரிய அதிசயம். யது பழையபடி வாயாடத் தொடங்கினாள். பின்னேரங்களில் சுதாஜினியும் அவளும் முற்றத்தில் இருந்து கணக்குச் செய்வார்கள். வயலிலிருந்து வந்து கால் கழுவும்போது அந்தக் கலகலப்பைக் கேட்டால் அவருக்குக் களைப்பே தெரியாது. எங்கடை பள்ளிக்கூடத்துக்கு என்ன குறை என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். உள்ளபடி நம்பித்தான் சொன்னார்.

சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட சமயம், நேசமலர் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"தம்பி, அப்பீல் சரிவந்திட்டுது! ரெண்டு பிள்ளையள் வெளிநாட்டுக்குப் போட்டுதுகளாம், இடம் கிடக்காம். பிள்ளை என்னோடை நிக்கலாம். வாற கிழமைக்குள்ளை கூட்டிக்கொண்டு வா."

அவர் வரம்பில் நின்றபடியே "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றார். இந்தச் செய்திக்காக எத்தனை நாள் தவம் கிடந்தார்! மூன்று மாதத்துக்கு முன் வந்திருந்தால் இன்னொரு செருப்பையும் வாய்க்காலில் விட்டிருப்பார். இப்போது கால் அசையவில்லை. மண்வெட்டியை எடுத்து, கட்டியிருந்த வரம்பையே திரும்பவும் கட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் வேண்டாம் எண்டு சொல்லப்போறன்," என்றார். "இஞ்சை நல்லாத்தானே படிக்கிறாள்? இப்ப இவளைக் கூட்டிக்கொண்டு போனால் மற்றப் பிள்ளையள் என்ன நினைக்குங்கள்? செயலாளருக்குத் தன்ரை பிள்ளை எண்டால் ஒரு ஞாயம் எண்டுதானே சனம் சொல்லும்?"

ஞானேஸ்வரி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"அண்டைக்கும் சனத்துக்காகத்தான் போகச் சொன்னியள். இண்டைக்கும் சனத்துக்காகத்தான் நிக்கச் சொல்லுறியள்."

"நான்..."

"பொறுங்கோ. எங்களை ஆரப்பா ஒரு நாளாவது கேட்டது? சண்டை நேரம் எழும்பு எண்டாங்கள், எழும்பினம். அங்கை போ எண்டாங்கள், போனம். முகாமுக்குள்ளை இரு எண்டாங்கள், இருந்தம். இனிப் போகலாம் எண்டாங்கள், வந்தம். இவளுக்குத்தான் முதல் முதல் ரெண்டு வாசல் திறந்து கிடக்குது. எதாலை போறாய் எண்டு கேக்கிறதுக்கு உங்களுக்கு வாய் வராதே?"

கதிர்காமநாதன் முற்றத்துக்கு வந்தார். யது மாமரத்தடியில் பாய் போட்டு இருந்து புத்தகத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் மண்ணிலேயே குந்தினார். அத்தை கூப்பிட்டதைச் சொன்னார். கூட்டாமல் குறைக்காமல், இடம் இருக்கிறது, போகலாம், போகாமலும் விடலாம் என்று மட்டும் சொன்னார். ஒலிவாங்கி இல்லாமல் அவர் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"உனக்கு என்ன விருப்பம் பிள்ளை?"

யது அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"நான் இல்லை எண்டு சொன்னால் கோவிப்பியளோ?"

"சீச்சீ, இல்லை," என்றார் உடனேயே. மனம் குளிர்ந்துவிட்டது.

"ஓம் எண்டு சொன்னால்?"

எத்தனை வீட்டுப் பிள்ளைகளை மாலை போட்டு ஏற்றி அனுப்பியிருக்கிறார்! அந்த வீடுகளில் மறுநாள் பின்னேரம் முற்றம் எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. இப்போது எண்ணினார். பிள்ளை இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கவலைப்படுவன்," என்றார். "கோவிக்கமாட்டன்."

"மெய்யாவோ?"

"மெய்யாத்தான்."

யது உறையின் கடைசி மடிப்பை விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"அப்ப நான் போறன் அப்பா. எனக்கு ஆசையாத்தான் கிடக்கு."

அவர் தலையை ஆட்டினார். அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசற்படலைக்குப் போனாள்.

"எங்கை பிள்ளை?"

"சுதா வீட்டை. அவளுக்கு நான்தான் முதல் சொல்லோணும். நீங்கள் இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"ஓம்," என்றார் கதிர்காமநாதன். அவள் வளைவில் மறையும்வரை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் நேசமலருக்குத் தொலைபேசி எடுத்தார்.